விலை: அன்பளிப்பு

பெயர் தெரியாத ஆசிரியர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு அச்சடிக்கிற பக்தி நூல்களை நான் விடாமல் படித்துவருகிறேன். கோயில் வாசலில் கற்பூரமும் விளக்குத்திரியும் விற்கிற கடையின் ஓரத்தில் அவை தொங்கும். சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாரோ ஒருவர் கையில் வைத்துவிட்டுப் போவார். கந்தூரித் திடலில் விரிப்பின்மேல் கிடக்கும். அறுபதாம் கல்யாண வீட்டில் தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு சேர்ந்து வரும். திறந்து பார்த்தால், விலை போடவேண்டிய இடத்தில் ‘அன்பளிப்பு’ என்று இருக்கும். வாங்கியவர்கள் பெரும்பாலும் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். இலக்கியப் பத்திரிகைகள் இவற்றுக்கு மதிப்புரை எழுதுவதில்லை. இவற்றைப் படித்துப் பேசுவதற்கு ஆள் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பாளையங்கோட்டையில் நண்பரின் அச்சகத்துக்கு வருகிற இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு நான் புரூஃப் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் எழுதியவர்களையே நேரில் பார்த்துப் பேசக் கிடைக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், தபால்காரர், பீடி சுற்றும் வீட்டுப் பெண், பஸ் கண்டக்டர். பலரும் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஓரம் மடங்காமல் இருக்க நோட்டுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார்கள். முதல் கேள்வி, “எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?” என்பதுதான். பதில் ஃபாரம் கணக்கில் வரும். ஒரு ஃபாரம் 16 பக்கம். ஆகவே புத்தகம் 32, 48, 64 என்றுதான் நகரும். மேட்டர் 51 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தை வெட்ட வேண்டும், இல்லையேல் இன்னொரு ஃபாரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அந்த மூன்று பக்கத்துக்காக அவர்கள் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பென்ஷன் அரியர்ஸ், சீட்டு எடுத்த பணம், துபாயிலிருந்து மகன் அனுப்பியது என்று சேர்த்துவைத்த தொகை அது. உள்ளே மேப்லித்தோ தாள், அட்டைக்கு மட்டும் கலர், நடுவில் இரண்டு பின். ஆயிரம் பிரதிகள் அடித்தால்தான் கட்டுபடியாகும் என்றிருந்த காலம் போய், டிஜிட்டல் அச்சு வந்தபிறகு ஐம்பது, நூறு பிரதிகள்கூடப் போட முடிகிறது.

தமிழ் எழுத்துகளை வார்த்து அச்சிட்ட முதல் புத்தகமும் 16 பக்கம்தான். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. கிறிஸ்தவ மன்றாட்டுகளையும் அடிப்படைப் போதனையையும் போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழாக்கித் தந்தவர் அண்டிரிக் அடிகளார். அவருடைய அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குகிறவர்கள் தங்கள் மொழியில் ஒரு ஜெபப் புத்தகம் வேண்டும் என்று கொடுத்த காசு அது. அப்புறம் அச்சு இயந்திரம் வெகுகாலம் அரசின் கையிலும் மிஷனரிகளின் கையிலும் இருந்தது. 1835இல் கட்டுப்பாடு நீங்கி இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைக்கத் தொடங்கினார்கள். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவு விலையில் தோத்திரமும் சிந்தும் கும்மியும் குவிந்தன. முஸ்லிம்களிடையே முனாஜாத்து என்னும் இறைவேண்டல் பாட்டுப் பிரசுரங்கள் வந்தன. ஊர்ப் புலவர்கள் தங்கள் ஊர்ச் சாமிக்குப் பதிகம் பாடி, மிராசுதாரிடமோ செட்டியாரிடமோ பணம் வாங்கி அச்சேற்றினார்கள். பாளையங்கோட்டை அச்சகத்துக்கு நோட்டோடு வருகிற கண்டக்டர் இந்த வரிசையில் வந்தவர் என்றே நான் அவரைப் பார்க்கிறேன்.

இந்தப் புத்தகங்களில் நல்ல பகுதி பெரும்பாலும் நடுவில் இருக்கிறது. முதல் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை. அடுத்து, பக்தி என்றால் என்ன, மனிதப் பிறவியின் நோக்கம் என்ன என்று சொற்பொழிவுகளில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிற அத்தியாயங்கள். அதையெல்லாம் கடந்து, எழுதியவர் தன் ஊரையும் தெருவையும் தன் வேலையையும் பற்றிப் பேச ஆரம்பிக்கிற பக்கத்தில் மொழியே மாறிவிடுகிறது. வாக்கியம் சின்னதாகிறது. ‘ஆன்மிகப் பெருவெளி’ போன்ற சொற்கள் காணாமல் போகின்றன. அந்த லைன்மேனின் முருகபக்தி நூல் அப்படிப்பட்டது. முன்பாதியில் ஆறுபடை வீடுகளைப் பற்றி எல்லாரும் எழுதுவதையே எழுதியிருந்தார். பிற்பாதியில் 1992 தாமிரபரணி வெள்ளம் வருகிறது. ஈரக் கம்பத்தில் ஏறிப் பாதி உயரத்தில் கால் நடுங்கி நின்றபோது வாயில் முருகன் பெயர் வந்ததை எழுதுகிறார். அதை வேண்டுதல் என்று சொல்ல முடியாது, வேறு எந்தச் சொல்லும் அந்த நேரத்தில் தன்னிடம் இல்லை என்கிறார். முருகன் வந்து காப்பாற்றினான் என்று எழுதவில்லை. இறங்கி வந்து டீ குடித்ததை எழுதுகிறார். பக்தி இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி உள்ள ஒருவர் இதைவிட அழகாக எழுதலாம். இவ்வளவு நேராக எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நுணுக்கமான விவரத்துக்கு நம்பிக்கை நூலில் எவ்வளவு பலம் என்பதற்குப் பாம்பன் சுவாமிகளின் கதை சாட்சி. அ முதல் ன வரையில் உயிரும் மெய்யுமாக முப்பது எழுத்துக்கு முப்பது பாட்டு வைத்து அவர் சண்முக கவசத்தை இயற்றியது 1891இல். 1923 டிசம்பரில் சென்னை தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. எழுபது வயது கடந்தவர். பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். எலும்பு கூடுவது கடினம் என்றார்கள் மருத்துவர்கள். அடியவர்கள் சண்முக கவசம் ஓதினார்கள், கால் குணமாயிற்று. திருவான்மியூரில் அவர் சமாதிக் கோயிலில் மார்கழி தோறும் மயூர வாகன சேவன விழா நடப்பது அந்த நிகழ்ச்சியை ஒட்டித்தான். இன்றும் யாராவது குடும்பத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சண்முக கவசத்தைச் சின்னப் புத்தகமாக அடித்து, பின்னட்டையில் ‘உபயம்’ என்று பெயர் போட்டுக் கோயிலில் கொடுக்கிறார்கள். கதையைச் சொல்கிற எவரும் தெருவின் பெயரை விடுவதில்லை. அந்தத் தெருவில் இன்றும் வண்டிகள் இடித்துக்கொண்டு போகின்றன. படிக்கிறவருக்கு அந்த இடம் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 48 நாள் படித்தால் வேலை கிடைக்கும், கடன் தீரும், வரன் அமையும் என்று வாக்குக் கொடுக்கிற நூல்கள் எனக்கு உவப்பில்லை. வேலை கிடைக்காத பையன் நாற்பத்தொன்பதாம் நாள் தன்னையே குற்றவாளியாக நினைக்க அது இடம் வைக்கிறது. ஊக்க நூல் என்ற பெயரில் அறிஞர்களின் பொன்மொழிகளை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்துக் கோத்து, அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்வதும் வருத்தம் தருகிறது. அந்த வாசகங்களில் பாதி, யார் பெயரில் வருகிறதோ அவர் சொன்னதே இல்லை. இப்படிப்பட்ட நூல்களுக்கு எடிட்டர் என்று ஒருவர் இல்லாததுதான் பெரிய இழப்பு. பெரிய பதிப்பகத்தில் அடிபட்டுத் திருந்தி வரவேண்டிய பிரதி, டி.டி.பி. செய்த பெண்ணும் நானும் பார்த்த புரூஃபோடு வெளியே போய்விடுகிறது. ஊரில் தமிழ் தெரிந்த ஒருவர், எழுதியவரின் அருகில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், இந்தப் பக்கத்தில் நீங்கள் இல்லை என்று அன்போடு காட்டினால் போதும். பல நூல்கள் இருமடங்கு நல்ல நூல்களாகிவிடும்.

அச்சான பின்னும் அவை நிலைப்பதில்லை. செங்கோட்டை ஆவுடையக்காளை நினைத்துக்கொள்கிறேன். சிறுவயதில் கணவனை இழந்தவர். அத்வைத அனுபவத்தைச் சமையல்கட்டிலும் ஊஞ்சலிலும் பாடக்கூடிய பாட்டாக்கியவர். அவர் பாடல்களை அக்ரகாரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாடமாக வைத்திருந்தார்கள். நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அவை தொகுக்கப்பட்டு முறையாக அச்சேறின. அந்த நோட்டுகளைப் பரண் சுத்தம் செய்யும்போது யாராவது எடைக்குப் போட்டிருந்தால் ஆவுடையக்காள் நமக்கு இல்லை.

இவற்றைக் காப்பாற்றி வைக்கிற விஷயத்தில் இலங்கைத் தமிழர்களைக் கண்டு வியக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் குடும்பத்தார் நினைவு மலர் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்றும் சொல்வார்கள். தேவாரம், திருவாசகம், ஊர்க் கோயிலுக்குப் பாடிய ஊஞ்சற்பாட்டு, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். பெரிய புலவர் எவருக்கும் தெரியாத ஒரு மாமாவோ வாத்தியாரோ எழுதிய வெண்பா இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானபின், காகிதம் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதை அவர்கள் அறிந்தவர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்நூலகம் இந்த நினைவு மலர்களையும் நூல்களுக்குச் சமமாக மதித்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. இப்போது குடும்ப வரலாறு தேடுகிறவரும், ஊர்க் கோயிலின் பழைய பாட்டைத் தேடுகிறவரும் அங்கேதான் போகிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம் மட்டுமல்லாமல் நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே வைத்து, 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோத்திரப் பிரசுரம் ஒன்றை இன்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறதென்றால் இப்படிப்பட்ட ஒருவரின் பிடிவாதம்தான் காரணம்.

அச்சகத்துக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இரண்டு. ஒன்று, உள்பக்கத்தில் வருஷம், ஊர், அச்சகத்தின் பெயர் மூன்றையும் போடுங்கள். அட்டையில் சாமி படத்தைப் பெரிதாகப் போட்டு வருஷத்தை விட்டுவிடுகிற நூல்கள் ஏராளம். இரண்டாவது, 1954இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியிடுகிறவர் 30 நாளுக்குள் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். இந்தச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கானது என்று நினைக்கிறார்கள். உங்களுக்கும்தான் என்று சொன்னால் முதலில் பயப்படுகிறார்கள், அப்புறம் முகம் மலர்கிறார்கள். தன் 32 பக்கப் புத்தகம் கன்னிமாராவில் இருக்கும் என்பது அந்தக் கண்டக்டருக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. தபால் செலவைத் தானே போய்க் கட்டி ரசீதைக் கொண்டுவந்து காட்டினார்.

இப்போது என் மேசையில் ஒரு அக்காவின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. சாட்சி நூல். மகனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்து, வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் நேர்ந்துகொண்டு, பிறகும் அவன் இறந்துபோனான். ஒரு வருஷம் அவரால் சர்ச்சுக்குள் போக முடியவில்லை. ஞாயிறு தோறும் கிளம்பிப்போய், வெளியே வேப்பமரத்தடியில் பூசை முடியும்வரை உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, உள்ளே போனார். அதற்கு அவர் விளக்கம் எதுவும் எழுதவில்லை. இது மூன்றாம் அத்தியாயம். முதல் இரண்டும் விசுவாசத்தின் மேன்மை பற்றிப் பிரசங்கங்களில் கேட்டுக் குறித்தவை. சாட்சி என்றால் கடைசியில் ஜெயம் வர வேண்டும், பிள்ளை பிழைக்காத கதையைச் சாட்சி என்று எப்படிப் போடுவது என்று அவருடைய தம்பிக்கு வருத்தம்.

“முதல் ரெண்டையும் எடுத்துட்டு மூணாவதுலருந்து ஆரம்பிங்கக்கா” என்றேன்.

“அதை எடுத்துட்டா வேத வசனமே இல்லாம போயிருமே அண்ணாச்சி.”

“மரத்தடியில இருந்தப்ப ஒரு வசனம் வந்துச்சுன்னு எழுதியிருக்கீகளே, அது போதாதா?”

யோசிக்கிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்தபோது இரண்டு அத்தியாயங்களுக்கும் குறுக்கே பென்சிலால் கோடு போட்டிருந்தார். தம்பியின் வாழ்த்துரை மட்டும் இருக்கட்டும் என்றார். அது அரைப் பக்கம்தான். எல்லாம் சேர்ந்து 48க்குள் அடங்குகிறது, ஒரு ஃபாரம் காசு மிச்சம். அந்தக் காசுக்கு இன்னும் இருநூறு பிரதி கூடுதலாக அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற தாய்மாருக்குத் தன் கையாலேயே கொடுக்க வேண்டுமாம்.