மறுபடியும் டிபன் பாக்ஸ்

எங்கப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க். 2019 டிசம்பர்ல 58 முடிஞ்சு ரிட்டயர் ஆனார். "இனி ஒரு ஃபைலையும் தொட மாட்டேன்"னு மாலையும் கழுத்துமா வந்து சபதம் வேற. 2020 மே மாசம் தமிழக அரசு ஓய்வு வயசை 59 ஆக்குச்சு. 2021ல 60. "அஞ்சு மாசம் தள்ளிப் பெத்திருக்கக் கூடாதா"ன்னு பாட்டிகிட்ட மல்லுக்கு நின்னார் மனுஷன் :-)

அப்புறம் தினமும் பதினோரு மணிக்கு எனக்கு போன். "டிபன் சாப்டியா?" நான் இங்க ஆணி புடுங்கிட்டு இருப்பேன். "மீட்டிங்ல இருக்கேன்ப்பா"ன்னு கட் பண்ணிடுவேன். பாதி நாள் மீட்டிங்கே கிடையாது.

போன மாசம் ஊருக்குப் போனா, அம்மா பரண்ல கெடந்த பழைய டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவி வெச்சிருக்காங்க. ஆளு அரிசி மண்டிக்குக் கணக்கு எழுதப் போறாராம். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

"நான் அனுப்புறது பத்தலையாப்பா? ஊர்ல என்ன நினைப்பாங்க?"

"உன் காசு பேங்க்ல அப்படியே கெடக்குடா. காலைல சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்ப எனக்கு ஒரு எடம் வேணாமா?"

நேத்து பதினோரு மணிக்கு நானே கூப்பிட்டேன். "லோடு வந்திருக்குடா, அப்புறம் பேசு"ன்னு வெச்சிட்டார்.