இரண்டு ஆறுகள் கூடும் ஊரில்



ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கீழே இறங்க இறங்க, மலைக் குளிர் குறைந்து ஆற்றின் இரைச்சல் கூடும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றாகிக் களனி கங்கையாவது இந்தப் பக்கத்தில்தான். இங்கேதான் பொல்பிட்டிய இருக்கிறது. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் பெயர் பெற்ற ஊர்.

நண்பர் ஒருவரின் மளிகைக் கடையில் ஒரு மாலை தங்கினேன். அவருடைய மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றவள். உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா என்று அந்த வாரமே முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைக்கோ இரண்டிலும் ஆசை. "உயிரைப் படிக்கிறவளுக்குக் கணக்கு எதற்கு என்கிறார் வாப்பா. நீங்கள் சொல்லுங்கள் மௌலவி" என்றாள்.

கடையில் நுவரெலியாவிலிருந்து வந்த கோவா குவிந்திருந்தது. அதையே காட்டிச் சொன்னேன். கோவா பூப்பதற்குக் குளிர்காலம் ஒன்றைக் கடக்க வேண்டும். அதே கடுகுக் குடும்பத்தில் அரபிடாப்சிஸ் என்றொரு சிறு செடி உண்டு. அதில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதைத் தடுத்து நிற்கும். குளிர் நீடிக்க நீடிக்க அது அடங்கும். வெயில் வந்த பிறகும் அடங்கியே இருக்கும். ஆனால் மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. மரபணு சுற்றியிருக்கும் புரதத்தின் மேல் சில குறிகள் ஏறுகின்றன, அவ்வளவுதான். அரபியில் எழுத்து அப்படியே இருக்க, மேலும் கீழும் இடும் ஹரகத் வாசிப்பை மாற்றுவதுபோல. இதைப் படிக்கும் துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர்.

இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்ஸ் மையத்தில் கரோலின் டீன் இந்தச் செடியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். செடியை அரைத்து அளந்தால் மரபணு பாதி அடங்கியிருப்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் பாதி அடங்கியதா, அல்லது பாதி செல்களில் முழுதாக அடங்கியதா? கூட்டுத்தொகை இதைச் சொல்லாது. அங்கே மார்ட்டின் ஹோவர்டின் கணிதம் கைகொடுத்தது. ஒரு குறி பக்கத்தில் இன்னொரு குறியை இழுத்து வரும் என்று வைத்துச் சமன்பாடு எழுதினார்கள். அப்படியானால் ஒரு செல் நடுவில் நிற்க முடியாது, முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடிவிடும் என்று கணக்கு சொன்னது. பிறகு ஆய்வுக்கூடத்தில் அந்த மரபணுவோடு சாயம் காட்டும் அடையாளத்தை இணைத்துப் பார்த்தார்கள். வேரில் சில செல்கள் நிறம் காட்டின, சில காட்டவில்லை. 2011இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

அப்போது இருட்டிவிட்டது. எதிர் மலையில் லயன் காம்பராக்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. "அந்த மலையைப் பார் மகளே. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. ஆனால் எந்த விளக்காவது பாதி எரிகிறதா?" என்றேன். பிள்ளைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஒரே வீட்டில் இரண்டு விளக்கு இருந்தால்?" என்று கேட்டாள்.

நான் அசந்துபோனேன். அவர்களும் அதைத்தான் கேட்டார்கள்! ஒரே செல்லிலுள்ள இரண்டு பிரதிகளுக்கும் இரண்டு நிறம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று எரிய மற்றது அணைந்திருக்கக் கண்டார்கள். ஆகவே குளிரின் நினைவு செல் முழுதும் பரவியதல்ல, அந்தந்த மரபணுவிலேயே தங்கியது என்று 2015இல் எழுதினார்கள்.

நண்பர் தராசை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பாகப்பிரிவினைக் கணக்கு நடத்தும் எனக்கு ஒன்று தெரியும். கணக்கு சரியாக இருந்தாலும் வாரிசு யார் என்று வீட்டில் போய் விசாரிக்காமல் பங்கு கொடுக்க முடியாது. விசாரித்துவிட்டுக் கணக்கு தெரியாமல் நின்றாலும் பங்கு கிடைக்காது.

"அப்படியானால் எதை எடுக்கட்டும்?" என்றாள். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதை நான் மாற்ற முடியாது. "உயிரியலை எடு. கணிதப் புத்தகத்தைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போட்டுவிடாதே" என்றேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அலுமாரியைத் திறந்து அவளுடைய பழைய கணிதப் புத்தகங்களை எடுத்து, தூசி தட்டி மேல் தட்டில் வைத்தார்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் அந்தப் படிவம் ஒருநாள் வரும். கையெழுத்திடும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.