நிலத்தில் தெரியும் பதிப்பு எண்

2013 அக்டோபருக்கு முன் தொடங்கி அதன் பிறகும் ஆடப்பட்டுவரும் மைன்கிராஃப்ட் உலகங்களில் நெடுந்தூரம் நடந்துபோனால், ஓரிடத்தில் நிலம் நேர்கோட்டில் அறுந்து நிற்பதைப் பார்க்கலாம். இந்தப் பக்கம் பனிச் சமவெளி, அடுத்த அடியில் பாலைவனம், நடுவே செங்குத்தான சுவர். அந்த மாதம் வந்த 1.7.2 பதிப்பு, நிலத்தை உருவாக்கும் கணக்கையே மாற்றிவிட்டது. மைன்கிராஃப்ட் தன் உலகத்தை முழுவதாக முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வதில்லை. ஆடுபவர் நெருங்க நெருங்க, பதினாறுக்குப் பதினாறு கட்டைகள் கொண்ட துண்டு துண்டாக உண்டாக்கி வட்டில் எழுதிக்கொள்கிறது. ஏற்கெனவே நடந்த இடமெல்லாம் பழைய கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. இனி நடக்கப்போகும் இடம் புதிய கணக்கில் பிறக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அந்தச் சுவர். சர்வரின் மென்பொருளை மாற்றிய நாளில் யார் எதுவரை நடந்திருந்தார்கள் என்பது அங்கே அப்படியே பதிந்திருக்கிறது. ஒரு மென்பொருள் வெளியீடு நிலவியலாக மாறி, அதன்மேல் ஏறி நின்று பார்க்கக்கூடியதாக இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

2021 நவம்பர் 30 அன்று வெளிவந்த 1.18 பதிப்பு இதைவிடப் பெரிய வேலையைச் செய்தது. உலகத்தின் உயரம் 256 கட்டைகளிலிருந்து 384 ஆனது. அடித்தளம் 64 கட்டைகள் கீழே இறங்கியது. இம்முறை மைன்கிராஃப்டை உருவாக்கும் மோஜாங் நிறுவனத்தார் மிகுந்த அக்கறை எடுத்துக்கொண்டார்கள். பழைய நிலத்தின் விளிம்பும் புதிய நிலத்தின் விளிம்பும் இழைந்து சேரும்படி செய்தார்கள். பல ஆண்டுகளாக அடிமட்டமாக இருந்த பாறைக்குக் கீழே புதிய குகைகளைத் தோண்டிக் கொடுத்தார்கள். சுவர் மறைந்தது. ஆனால் புதிய பதிப்பு திறந்த துண்டு புதிய வடிவில் எழுதப்பட்டுவிடுகிறது. அதைப் பழைய நிரலிடம் திருப்பிக் கொடுத்தால் ஒழுங்காகப் படிக்க அதற்குத் தெரியாது. திரும்பிப் போக ஒரே வழி, முன்பே எடுத்து வைத்த பேக்கப்தான். அதற்குப் பிறகு கட்டிய வீடும் தோட்டமும் போனது போனதுதான்.

இந்த இடத்தில்தான் கன்டெய்னர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருள் 2013இல் வந்து, சர்வர் நடத்துபவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதியைக் கொடுத்தது. நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே இமேஜில் அடைத்துவிடலாம். புதிய இமேஜ் சரிப்படவில்லை என்றால் பழையதை மறுபடி ஓடவிடலாம். அஞ்சாமல் வெளியிடு, தவறினால் பின்வாங்கு என்பதே அந்தத் தொழிலின் நம்பிக்கை. மைன்கிராஃப்ட் சர்வருக்காக மிகப் பரவலாகப் பயன்படும் டாக்கர் திட்டமான 'ஐடிஇசட்ஜி மைன்கிராஃப்ட்-சர்வர்' இந்த நம்பிக்கையின்மேல் எழுந்ததுதான். பல ஆண்டுகளாகப் பொறுமையாகப் பராமரிக்கப்பட்டுவரும் நல்ல திட்டம். ஆனால் விளையாட்டின் நிரல் அதன் இமேஜுக்குள் இல்லை. உரிம ஒப்பந்தத்தை ஏற்கிறேன் என்று நடத்துபவர் குறிப்பிட்ட பிறகு, கன்டெய்னர் கிளம்பும்போது நிரலை மோஜாங்கிடமிருந்து இறக்கிக்கொள்கிறது. உலகமோ இரண்டுக்கும் வெளியே, வால்யூம் எனப்படும் தனிச் சேமிப்பிடத்தில் இருக்கிறது. ஆக, மூன்று பொருள்களுக்கு மூன்று வயது. இமேஜ் பின்வாங்கும்; நிரலும் பின்வாங்கும்; உலகம் பின்வாங்காது. திட்டம் தன் வெளியீடுகளுக்கு இடும் ஆண்டுக்கணக்கு எண், 2024.4.0 என்பதுபோல், முதல் பொருளை மட்டுமே குறிக்கிறது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அன்றைக்குப் புதிதாக இருக்கும் நிரலை அது எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் போய் வந்தாலும், இயந்திரம் தானாக மறுபடி கிளம்பினாலும், யாரும் கேட்காமலே ஒரு வெளியீடு நடந்துவிடலாம். மறுதொடக்கம் ஒருபோதும் வெளியீடாக மாறக்கூடாது என்பதே என் வாதம்.

2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்புக்கு ஜாவா 21 தேவைப்பட்டது. ஜாவா 17 அடங்கிய இமேஜில் நிலைத்து நின்று, நிரலை மட்டும் புதியதாகக் கேட்டுக்கொண்டிருந்த சர்வர் கிளம்பாமலே நின்றுவிடும். நடத்துபவருக்கு எரிச்சல்தான். ஆனால் உலகம் தொடப்படாமல் இருக்கிறது. கிளம்பாமல் நின்ற சர்வரைவிட, சத்தமில்லாமல் கிளம்பி, திறந்த துண்டுகளையெல்லாம் மாற்றி எழுதிய சர்வரே எனக்கு அச்சம் தருகிறது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு பாதுகாப்பின் பக்கத்திலிருந்து வரும். 2021 டிசம்பர் 9ஆம் தேதி வாக்கில், பதிவேடு எழுத மைன்கிராஃப்ட் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே நூலகத்தின் ஓட்டை வெளியே தெரிந்தது. அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினால் போதும். சர்வர் அந்த வரியைப் பதிவேட்டில் எழுதும்போது, அதில் குறித்திருந்த முகவரியிலிருந்து அயலாருடைய நிரலை இழுத்து ஓட்டிவிடும். ஆபத்தின் அளவுகோலில் பத்துக்குப் பத்து பெற்ற ஓட்டை அது. மறுநாளே 1.18.1 வந்தது. எப்போதும் புதியதை எடுத்துக்கொள்ளும் சர்வர்கள் ஒரு மறுதொடக்கத்தில் காப்பாற்றப்பட்டன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே நாள்களில் மோஜாங் வேறு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1.17க்கு ஜாவா கட்டளையில் சேர்க்க ஒரு சிறு அமைப்பு, 1.12 முதல் 1.16.5 வரை ஒரு பதிவுக் கோப்பு, 1.7 முதல் 1.11.2 வரை இன்னொரு கோப்பு. எட்டு ஆண்டுப் பழைய உலகத்தில் இருந்தவரும் தன் நிலத்தில் ஒரு கட்டைகூட மாறாமல் பாதுகாப்புப் பெற முடிந்தது. பூட்டு கெட்டால் பூட்டை மாற்றலாம், வீட்டை இடித்துக் கட்ட வேண்டியதில்லை என்று அந்த ஒரு வாரம் நிரூபித்தது. இப்படிப்பட்ட திருத்தங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கன்டெய்னர் இமேஜைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இமேஜ் அடிக்கடி புதுப்பிக்கப்படட்டும். நிரலின் எண் அசையாமல் இருக்கட்டும்.

இன்னொரு மறுப்பு ஆடுபவர்கள் பக்கத்திலிருந்து வரும். அவர்கள் கணினியில் உள்ள விளையாட்டு வழக்கமாகப் புதிய பதிப்பிலேயே திறக்கிறது. சர்வர் பழையதாக இருந்தால் உள்ளே விடாது. மாலையில் நண்பர்களோடு ஆட உட்காரும் ஒரு சிறுமிக்குப் பதிப்பு எண் பற்றி என்ன கவலை? நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. ஆடுபவர் தன் லாஞ்சரில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம், நாளை புதியதற்குத் திரும்பலாம். அவர் இழப்பது எதுவுமில்லை. வயாவெர்ஷன் போன்ற செருகுநிரல்கள் புதிய ஆட்டக்காரரைப் பழைய சர்வரில் சேர்க்கவும் செய்கின்றன. சர்வர் ஏறினால் இறங்க முடியாது. இறங்க முடிந்தவர்தான் வளைந்துகொடுக்க வேண்டும்.

பழைய பதிப்பில் நிற்பதைச் சோம்பல் என்று நினைப்பவர்களும் உண்டு. 2010இல் தொடங்கிய 2பி2டி என்ற சர்வர் இதற்கு நல்ல விடை. உலகத்தை ஒருமுறைகூட அழித்துத் தொடங்காமல் பல ஆண்டுகள் 1.12.2 பதிப்பில் நின்று, 2023 ஆகஸ்டில்தான் அது 1.19க்கு நகர்ந்தது. அங்கே சிதைந்த சாலைகளும் கைவிட்ட கோட்டைகளுமே மக்கள் தேடிப்போகும் பொருள். அப்படிப்பட்ட இடத்தில் பதிப்பு மாற்றம் நீண்ட ஆயத்தத்தோடு செய்ய வேண்டிய காரியம்.

ஆகவே நான் கேட்பது சிறியது. ஒவ்வொரு மைன்கிராஃப்ட் உலகத்தோடும் 'லெவல்.டேட்' என்ற கோப்பு இருக்கிறது. கடைசியாக எந்தப் பதிப்பு அந்த உலகத்தைத் திறந்தது என்பது 1.9 காலத்திலிருந்து அதில் எழுதப்பட்டே வருகிறது. வால்யூம் காலியாக இருந்தால் கன்டெய்னர் தாராளமாகப் புதிய நிரலை எடுத்துக்கொள்ளட்டும். புதிதாக வருபவருக்கு அதுவே எளிது. வால்யூமில் உலகம் இருந்தால் முதலில் அந்தக் கோப்பைப் படித்து, அதே எண்ணைக் கொண்ட நிரலைக் கிளப்பட்டும். ஏற வேண்டும் என்று நடத்துபவர் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் ஏறட்டும். அதுவும் உலகத்தின் நகலை எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகு. நகலுக்கு வட்டில் இடம் பிடிக்கும், பெரிய உலகமென்றால் நேரமும் பிடிக்கும், ஆண்டுக்குச் சில முறை.