கோட்டும் கோட்டாவும்

எங்க அய்யா கடைசியாகத் தப்படிச்சது 1990இல். காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீட்டுச் சாவு என்றால் அவருக்குத்தான் ஆள் வரும். முகப்புக்கு வெளியே தெருவில் நின்று அடிக்கணும். திண்ணையில் உட்காரக்கூடாது. வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி ராத்திரி முழுக்க அடிச்சுட்டு, விடிஞ்சதும் துண்டை விரிச்சுக் கூலி வாங்கணும். நான் பத்தாவது பாஸ் பண்ணின அன்னிக்கு அடிக்குச்சியையும் சுண்டுகுச்சியையும் ஒடிச்சு அடுப்பில் வச்சார். "எம்மகன் இதைத் தொடக்கூடாது" என்றார்.

கல்லூரியில் வேற மாதிரி அடி. "ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க" என்பார் ஒரு ஆசிரியர். எந்திரிச்சு நிப்போம். மூணு வருசமும் 'கோட்டா' என்ற சொல் காதில் விழுந்தால் தலை தானாகக் குனியும். நம்ம உரிமைதான் என்று தெரியும். அம்பேத்கரைப் படிச்சிருந்தோம். ஆனாலும் குனியும்.

2018இல் என் மகன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டான். அந்த வருசம் சனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில் முதல்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் ஆரம்பகாலப் பாட்டு அது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கூட்டின குழு. 19 பேர், அதில் பெண் இசைவாணி ஒருத்திதான் (இது எனக்குக் குறைதான்). நம்ம சனம் சாதியில்லாதவர்கள் என்றாரே அயோத்திதாசப் பண்டிதர், அதிலிருந்து எடுத்த பேர். சாவு வீட்டுக் கானாவையும் பறையையும் கட்டமோளத்தையும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஒரே மேடையில் ஏத்தினார்கள். எல்லாரும் கோட்டு சூட்டில்.

அறிவு பாடின அந்தப் பாட்டு கோட்டாவைப் பற்றியது. குழுமூர் அனிதா 1200க்கு 1176 மார்க் வாங்கியும், நீட் வந்து மறிச்சதில் உயிரை விட்டது 2017 செப்டம்பர் 1. நாலு மாசம் கழிச்சும் ஆறாத காயம். இடஒதுக்கீடு பிச்சையில்லை, உரிமை என்று மேடைப்பேச்சில் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். கிட்டார் உறும, பறை அதிர, ஒரு பையன் மூச்சுவிடாமல் ராப்பில் அடுக்கினபோதுதான் என் கழுத்து நிமிர்ந்தது.

"ராக்கெல்லாம் வெள்ளைக்காரன் இரைச்சல், நமக்கெதுக்கு?" என்றார் ஒரு எழுத்தாளத் தோழர். வெள்ளைக்காரனுக்கு அது எங்கேயிருந்து வந்ததாம்? லெட் செப்பலின் குழு 1969இல் வெளியிட்டுப் பேர் வாங்கின 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் வரிகள் சில, வில்லி டிக்சன் என்ற கறுப்பர் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடினது. டிக்சன் 1985இல் வழக்குப் போட்டப்புறம்தான் சமரசத்துக்கே வந்தார்கள். பாடுபட்டவன் ஒருத்தன், கூலி இன்னொருத்தனுக்கு. இது நமக்குத் தெரியாத கதையா?

கட்டிலில் படுத்திருந்த அய்யா பறைச்சத்தம் கேட்டு எந்திரிச்சு உட்கார்ந்தார்.

"யாரு வீட்டுச் சாவுடா?"

"சாவு இல்ல தாத்தா. கோட்டா பாட்டு."

அவர் காதில் கோட்டு என்றுதான் விழுந்தது. செல்போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்தார்.

"ஆமா, கோட்டுதான் போட்டுருக்கானுக. அம்பேத்கர் மாதிரி."

இன்னொருதரம் போடச் சொன்னார். முடியும்வரைக்கும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இவுகளுக்குக் கூலிய எங்க வச்சுக் குடுப்பாக? மேடையிலயா, வாசல்லயா?"