செங்கோட்டு மலையும் பிருங்கியின் மூன்றாம் காலும்

ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையத்துக் காவிரிப் பாலத்தைக் கடந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் தூரம் வந்தால், நகரின் நடுவே செந்நிறப் பாறையாக எழுந்து நிற்கும் ஒரு மலை தென்படும். அதுவே திருச்செங்கோடு. தேவாரத்தில் இதன் பெயர் திருக்கொடிமாடச் செங்குன்றூர். கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று. உச்சியில் அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியாக, அர்த்தநாரீசுவரராக மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார்கள். அதே மலையில் செங்கோட்டு வேலவரும் இருக்கிறார். அருணகிரிநாதர் அவரைப் பாடியிருக்கிறார்.

உடம்பின் துன்பத்தோடு இத்தலத்திற்குப் பழைய தொடர்பு உண்டு. திருஞானசம்பந்தர் அடியார்களோடு இங்கே தங்கியிருந்தபோது, உடன் வந்தவர்களைக் குளிர் சுரம் பற்றியது என்றும், அதைத் தீர்க்கவே அவர் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார் என்றும் பெரியபுராணம் சொல்லும். இன்றும் காய்ச்சல் கண்டவர்களுக்காக அப்பதிகத்தை ஓதும் குடும்பங்கள் உண்டு.

ஆனால் இம்மலையில் என் மனத்தை அதிகம் பிடித்து வைத்திருப்பவர் பிருங்கி முனிவர். கதையை அன்பர்கள் அறிவீர்கள். சிவனை மட்டுமே வலம் வருவேன், சக்தியை வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அம்மை இறைவனின் அருகில் நெருங்கி அமர்ந்தபோது, வண்டாக உருமாறி இடையே நுழைந்து ஈசனை மட்டும் சுற்றினார். அம்மைக்குச் சினம் வந்தது. "என்னை வேண்டாதவனுக்கு என் பங்கு எதற்கு?" என்று அவர் உடலிலிருந்த தன் கூறாகிய தசையையும் குருதியையும் எடுத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக நிற்கவும் இயலாமல் சாய்ந்த பக்தனுக்கு இறைவன் மூன்றாவது கால் ஒன்றைக் கொடுத்து நிறுத்தினான். அம்மையோ தவமிருந்து இறைவனின் உடலில் பாதியைப் பெற்றாள். அவள் நோற்ற கேதார கௌரி விரதத்தைத்தான் நம் வீட்டுப் பெண்கள் 21 நாள் நோற்றுத் தீபாவளி அமாவாசையன்று நிறைவு செய்கிறார்கள்.

சுசுருத சங்கிதை என்னும் பழைய மருத்துவ நூலிலும் இதற்கு இணையான ஒரு செய்தி உண்டு. உடலில் எலும்பு, பல், நகம், கேசம் போன்ற கடினமானவை தந்தையின் பங்கு. குருதி, தசை, கொழுப்பு, இதயம் போன்ற மென்மையானவை தாயின் பங்கு என்று அது வகுக்கிறது. கொழுப்பும் தாயின் பங்கிலேயே இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். இக்காலத்தில் அதைத் திருடனைப்போல விரட்டுகிறோம். சேமித்து வைத்தவள் தாய் என்று முன்னோர் எண்ணியிருக்கிறார்கள்.

சென்ற தை மாதம் என் தமக்கையோடு இம்மலைக்கு நடந்தே ஏறினேன். அக்காவுக்கு 66 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எடை 78 கிலோ. இரு முழங்கால்களும் தேய்ந்திருந்தன, சர்க்கரையும் இருந்தது. "எடையைக் குறைத்தால்தான் முழங்கால் பிழைக்கும்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அவர் கணக்கும் காட்டினார். அன்று மாலையே அக்கா, குணமானால் செங்கோட்டுப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டார்.

முதல் மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. வீடே கொண்டாடியது. மாவுச்சத்தைக் குறைத்தவுடன் உடல் முதலில் விடுவது பெரும்பாலும் நீரைத்தான் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மகிழ்ச்சியும் கிடைத்திராது. ஐந்தாம் மாதம் 71. அதன் பிறகு எடைக் கருவியின் முள் நகரவே இல்லை. அதே உணவு, அதே நடை, ஏழு வாரங்களாக அதே எண். உடல் இளைக்க இளைக்க அது செலவிடும் சக்தியும் குறைந்துவிடுகிறது, பசியோ கூடுகிறது. பெரிய பாத்திரத்திற்கு வேண்டிய விறகு சிறிய பாத்திரத்திற்கு வேண்டாம் அல்லவா? இதை அறிந்திருந்தும் அக்கா ஒருநாள் சுவாமி அறையில் அமர்ந்து, "நான் என்ன தவறு செய்தேன்?" என்று அழுதார்.

பிறகு பேத்தியின் திருமணம் வந்தது. அதை ஒட்டித் தீபாவளி. இரண்டரைக் கிலோ ஏறியது.

விரதத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எடை குறைய வேண்டும் என்று அக்கா வாரத்தில் மூன்று நாள் ஒரு பொழுது இருக்கத் தொடங்கினார். நம் வீட்டு விரதங்களை நாம் அறிவோம். சோறு கிடையாது, ஆனால் ஜவ்வரிசி உப்புமா உண்டு, சேமியா பாயசம் உண்டு, வாழைக்காய் வறுவல் உண்டு. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு. இந்தச் சேலம் நாமக்கல் பகுதியில் ஆலை ஆலையாகச் செய்கிறார்கள். சோற்றை விலக்கி அதை உண்பதில் புண்ணியம் இருக்கலாம்; எடை குறைய வழியில்லை. அதைவிட முக்கியமான செய்தி, சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். நோன்பு இருக்க விரும்புவோர் முதலில் மருத்துவரைக் கேட்டு மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மைக்கு இதில் மனவருத்தம் ஏதும் இராது.

அக்காவுக்குப் பிடிவாதம் வந்தது. இரவு உணவை அறவே நிறுத்தினார். காலையில் கஞ்சி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் ரசமும். எடை 64க்கு இறங்கியது. எண் இறங்கியதே தவிர, முகம் வாடிவிட்டது. வளையல் முழங்கை வரை ஓடியது. திருமாங்கல்யச் சரடு கனக்கிறது என்றார். கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் நிறுத்தி, "ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க? இப்படி இளைச்சுட்டீங்களே!" என்று கேட்டார்கள். பருமனாக இருந்தபோது கேட்ட கேலியைவிட இந்தப் பரிவு அவரை அதிகம் வருத்தியது. வெள்ளிக்கிழமை அபிஷேகத்திற்குக் குடத்தில் தண்ணீர் எடுப்பவர், பாதிக் குடத்தைத் தூக்கவே திணறினார். தரையில் அமர்ந்து லலிதா சகஸ்ரநாமம் சொல்லி முடித்தால், எழுந்திருக்க யாரேனும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மருத்துவர் அவரை நாற்காலியில் அமர்த்தி, கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். மூன்றாவது முறையே முடியவில்லை. "நீங்கள் இழந்தது கொழுப்பை மட்டுமல்ல, தசையையும்தான்" என்றார் அவர். வெறுமனே உணவைச் சுருக்கி இளைத்தால், இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசையும் பிறவுமாகப் போகக்கூடும். முதுமையில் இப்படிப் போன தசை எளிதில் திரும்பாது. கால் வலுவிழந்தால் விழுவோம். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

அக்கா அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "தம்பி, பிருங்கி மாதிரி ஆகிவிட்டேன்."

அதன் பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்கியது என்பேன். முதியவர்களுக்கு, எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்றார்கள் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொற்படியே உண்ண வேண்டும்). நூறு கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம்தான் புரதம் என்றால், ரசத்தில் மிதக்கும் நான்கு பருப்பு எதற்கு ஆகும்? அக்காவின் இலையில் கெட்டிப் பருப்பு வந்தது, தயிர் வந்தது, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தது. நவராத்திரி ஒன்பது நாளும் நாம் செய்வதை ஆண்டு முழுவதும் செய்வதுதான். கூடவே நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி, சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி, வாரத்தில் மூன்று நாள். எடை 64இலிருந்து 66க்கு ஏறியது. ஏறிய அன்று மீண்டும் கண்ணீர். முள்ளைப் பார்த்து அழுதவரை மைத்துனர் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று, நிறைகுடம் ஒன்றைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். அதற்குப் பிறகு எடைக் கருவி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மாதம் ஒருமுறைதான் வெளியே வருகிறது.

இனி மலைக்கு வருவோம். படிகள் ஆயிரத்து இருநூறு அளவில் இருக்கும். வாகனங்கள் செல்ல மலைப்பாதையும் உண்டு; ஆனால் நேர்ந்துகொண்டவர்களுக்குப் படிதான். காலை ஆறரை மணிக்குத் தொடங்கினோம். இடையிடையே முன்னோர் கட்டி வைத்த மண்டபங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தவர் மூச்சு வாங்கும் இடம் அறிந்து நிழல் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டபத்திலும் ஐந்து நிமிடம் அமர்ந்தோம். அக்கா கைக்கடிகாரம் பார்க்கவில்லை; நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில், பாறையில் செதுக்கிய அறுபதடி நீள நாகம் படமெடுத்து நிற்கிறது. வாயுவும் ஆதிசேடனும் பொருதபோது மேருவின் சிகரத்தோடு சேடனும் இங்கே விழ, அவன் குருதியால் மலை சிவந்தது என்பது தலபுராணம். நாககிரி என்ற பெயரும் அதனால்தான். பக்தர்கள் அந்த நாகத்தின் மேனியெங்கும் மஞ்சளும் குங்குமமும் இடுகிறார்கள். அக்காவும் குனிந்து இட்டார். குனிந்தவர் கையை ஊன்றாமல் நிமிர்ந்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

அதற்கு மேலே சத்தியப் படிகள் அறுபது. முற்காலத்தில் இப்படிகளில் நின்று செய்யும் சத்தியத்திற்கு ஊரே கட்டுப்பட்டதாம். வழக்குகள் கூட இங்கே தீர்ந்திருக்கின்றன. "அக்கா, இனி இனிப்பே தொடமாட்டேன் என்று இங்கே ஒரு சத்தியம் செய்துவிடேன்" என்றேன் விளையாட்டாக. அவர் படியைத் தாண்டிப் போய் நின்றுதான் பதில் சொன்னார்: "அடுத்த மாதம் பேரனுக்குக் காதுகுத்து. சத்தியம் செய்துவிட்டு அங்கே என்ன செய்வேன்? சாப்பிடுவேன், மறுநாள் மறுபடி தொடங்குவேன். இரண்டு வருடமாக அப்படித்தானே வந்திருக்கிறேன்?"

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் உச்சி வந்தது. மூலவர் ஆறடி உயரத் திருமேனி. வெண்பாஷாணத்தால் ஆனது என்பர். வலப்பாதி வேட்டி, இடப்பாதி சேலை, கையில் தண்டம். திருவடியில் சுரக்கும் நீரே தீர்த்தமாகக் கிடைக்கிறது. அருகில் பிருங்கி முனிவரும் இருக்கிறார், மூன்று கால்களோடு. அம்மையை ஒதுக்கியவர் அம்மையப்பரின் காலடியிலேயே இடம் பெற்றிருக்கிறார். அக்கா நெடுநேரம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். தீபாராதனை வெளிச்சத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வெளியே சர்க்கரைப் பொங்கல் வாங்கினேன். அக்கா ஒரு வாய் எடுத்துக் கண்ணில் ஒற்றி உண்டார். தொன்னையை என் கையில் கொடுத்து, "மீதி உனக்கு. நீதான் இன்னும் எடை பார்க்கவே ஆரம்பிக்கவில்லையே" என்றார்.

இறங்கும்போது படியை நாடவில்லை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் சில்லின் பின்புறம் அதிக அழுத்தம் பெறுகிறது; தேய்ந்த மூட்டு உள்ளவர்கள் ஏறி முடித்த மகிழ்ச்சியில் இறங்கித்தான் வலியை வரவழைத்துக்கொள்கிறார்கள். வேண்டுதல் ஏறுவதற்குத்தானே ஒழிய இறங்குவதற்கு அல்ல என்று அக்காவே தீர்ப்புச் சொல்ல, மலைப்பாதை வழியே வண்டியில் அடிவாரம் சேர்ந்தோம். அங்குள்ள கைலாசநாதர் கோயிலையும் தரிசித்தோம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: ஈரோடு, சேலம், நாமக்கல் மூன்று ஊர்களிலிருந்தும் திருச்செங்கோட்டிற்குப் பேருந்து உண்டு. படியேறுவோர் வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். கைத்தடியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை உண்போர் மடியில் சிறிது கற்கண்டும் வைத்திருப்பது நல்லது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வாகனத்திலேயே செல்லுங்கள். முயற்சி ஏதும் இல்லாமலே ஆறு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்திருந்தால், மலைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போங்கள். வைகாசி விசாகத் திருவிழாவில் சுவாமி மலையிலிருந்து ஊருக்குள் எழுந்தருள்வார். படியேற இயலாத முதியவர்கள் அப்போது அடிவாரத்திலேயே கண் குளிரத் தரிசிக்கலாம்.