முன்னும் பின்னும் ஒரே அளவு

மேஜை ரம்பம் வாங்கப் போகிற தம்பிமார் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கைடைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். பழைய வார்ப்பிரும்பு மெஷினாக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

பிளேடுக்குப் பக்கத்தில் மேஜைமேல் நீளவாக்கில் நிற்கிற இரும்புத் தடுப்புதான் கைடு. பலகையை அதில் ஒட்டித் தள்ளினால், கிழிபடும் சட்டம் தலை முதல் கடைசி வரை ஒரே அகலத்தில் வரும். ஜமுக்காளம் நெய்யும் எங்கள் பவானியின் குழித்தறிக்குச் சட்டம் செய்தாலும், வீட்டுக்குக் கதவு நிலை செய்தாலும் அந்தச் சீர் இல்லாமல் வேலை இல்லை.

பழைய கைடுகள் பலவற்றில் ஒரு குணம் உண்டு. முன்பக்கத் திருகை இறுக்கும்போது வால்பக்கம் கொஞ்சம் நகர்ந்துவிடும். அது பிளேடை நோக்கிச் சாய்ந்துவிட்டால் ஆபத்து. பலகை நுழையும்போது இடம் தாராளமாக இருக்கும். உள்ளே போகப் போக நெருக்கும். பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலேறி வருபவை. மாட்டிக்கொண்ட பலகையைத் தூக்கி, தள்ளுகிறவர் மேலேயே வீசிவிடும். 12 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 170 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த அடியை எந்த உடம்பும் தாங்காது.

இதற்கு வைத்தியம் எளிது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளம் வையுங்கள். அதை முன்னால் நிறுத்திக் கைடு வரை அளந்து, அதே பல்லைப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கைடை இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். இறுக்கும்போதுதானே அது நகர்கிறது!

1970களில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த வில்லியம் பீஸ்மேயர் டீ-ஸ்கொயர் வடிவத்தில் ஒரு கைடு செய்தார். அதன் தலைப்பகுதி அகலமாக முன்தண்டில் உட்காரும். முன்னால் பூட்டினாலே வால் நேராக நிற்கும். ஐரோப்பியத் தச்சர்கள் இன்னொன்று செய்வார்கள். முழுமரத்தைக் கிழிக்கும்போது கைடைத் தங்கள் பக்கம் இழுத்து, பிளேடின் நடுவோடு முடியும்படி வைப்பார்கள். அறுபட்ட மரம் உள்ளிறுக்கம் விட்டு விரியும். அதற்கு இடம் வேண்டும் என்பதே காரணம்.

பெற்றோர் பிள்ளைகளுக்குப் போடும் கட்டுப்பாடும் இந்தக் கைடு மாதிரிதான். சின்ன வயதில் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துச் செல்லமாக விட்டுவிட்டு, படிப்பு, வேலை, கல்யாணம் என்று வரும்போது திடீரென்று நெருக்குகிற வீடுகளை நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன். முன்னால் அகலம், பின்னால் இறுக்கம். பிள்ளை அதில் மாட்டிக்கொண்டு எதிர்த்து வரும்போது, அடி விழுவதும் பெற்றவர் மேல்தான். குற்றம் பிள்ளையின் குணத்தில் இல்லை, நாம் வைத்த கைடில் இருக்கிறது.

அப்பனும் ஆத்தாளும் ஒரே சொல் சொல்லுங்கள். ஐந்து வயதில் சொன்ன நியாயம் இருபது வயதிலும் நியாயமாக நிற்கட்டும். கோபத்தில் இறுக்கினால், சொல் தன் இடத்தில்தான் நிற்கிறதா என்று பிறகு ஒருமுறை சரிபாருங்கள். பிள்ளை ஆளாகித் தன் காலில் நின்றபின் கூடவே நெருக்கிக்கொண்டு போகாதீர்கள். விரிய இடம் விடுங்கள்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கைடு இல்லாமல் வெறுங்கையால் பலகை கிழிப்பது பெரிய ஆபத்து. ஆனால் கோணலான கைடை நம்புவதும் அதே அளவு ஆபத்துதான். நேராக வையுங்கள், உறுதியாகப் பூட்டுங்கள், வேண்டிய இடத்தில் விட்டுவிடுங்கள்.