கும்கிகளுக்கும் இடமாற்றம்

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியதோடு ராத்திரி ஷிப்ட் ஒழிந்தது. பக்கத்தில் காமசமுத்திரம் காட்டோரத்தில் மட்டும் அது இன்னும் ஓடுகிறது. வேலை பார்ப்பவர்கள் வனக்காவலர்கள்.

ராகி கதிர் பிடித்ததும் யானைகள் மாநில எல்லை தாண்டி வரும். டார்ச்சும் பட்டாசும் போனுமாகக் காவலர்கள் பின்னாலேயே அலைவார்கள். கூட்டம் எங்கே நிற்கிறது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். செல்ஃபி எடுக்க ஓடிவரும் பிள்ளைகளை விரட்ட வேண்டும். யானையை விரட்டுவதைவிட இது கஷ்டம். விடிந்தால் நஷ்டஈட்டுக்காக மிதிபட்ட பயிரைக் கணக்கெடுக்க வேண்டும். தூக்கம் அதற்கப்புறம்தான்.

இந்த யானைகள் இங்கே பழைய குடிகள் அல்ல. 1980களில் ஓசூர், தருமபுரி காடுகளிலிருந்து சித்தூர் பக்கம் நகர்ந்தவை. அதையொட்டித்தான் 1990இல் குப்பம், பலமநேர் பகுதியில் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. அவற்றுக்கு எல்லாம் ஒரே காடு; கோப்புகளில்தான் மூன்று மாநிலம்.

வனத்துறையில் அண்மைக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட 'ஊழியர் செய்தி' 2025 மே 21ஆம் தேதியுடையது. அன்று பெங்களூரு விதான சவுதாவில் கர்நாடக முதல்வர் சித்தராமையா, பயிற்சி பெற்ற நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்துக்கு ஒப்படைத்தார். ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் நேரில் வந்து பெற்றுக்கொண்டார். பயிர்மேயும் கூட்டங்களைக் காட்டுக்குத் திருப்புவதுதான் அவற்றின் புது உத்தியோகம்.

வனக்காவலர் எவருடைய டிரான்ஸ்ஃபருக்கும் இத்தனை கேமரா வந்திருக்காது.